கலை புரக்கும் கழகங்கள்: ஒரு மதிப்பீடு

சங்கங்களும் சபைகளும் ஆண்டுதோறும் வெளியிடும் மலர்களைப் புரட்டுவோர் ஒரு தொடரைத் தவறாமல் எதிர்கொள்வர். 'இசையையும் ஆடலையும் வளர்ப்பதே எம் கழகத்தின் நோக்கம்' என்பது அது. தலைவர் உரையில் வரும். செயலாளர் அறிக்கையில் மீண்டும் வரும். நகைக்கடை விளம்பரத்தின் அடியிலும் ஒருமுறை வந்து வணங்கி நிற்கும். யாமும் தில்லியில் ஒரு சிறு சபையின் செயற்குழுவில் ஒன்பது ஆண்டுகளாக இருந்து, அத்தகைய அறிக்கைகளைத் தட்டச்சுச் செய்து கொடுத்து வருகிறோம். ஆதலின் இத்தொடரைக் குறை கூறும் தகுதி எமக்கு உண்டோ என்னும் ஐயம் எழாமல் இல்லை. ஆயினும், எழுதுவோரே பொருளறியாது எழுதும் ஒன்றைப் படிப்போர் எங்ஙனம் அறிவர் என்று எண்ணியே இக்கட்டுரையைத் தொடங்குகிறோம்.

வளர்த்தல் என்னும் சொல் ஓர் ஏற்றத்தாழ்வை உட்கொண்டது. பிள்ளையை வளர்க்கிறோம், செடியை வளர்க்கிறோம் என்னும்பொழுது வளர்ப்பவர் மேலும் வளர்க்கப்படுவது கீழுமாக நிற்கக் காண்கிறோம். கருநாடக இசையும் பரதமும் துருபதமும் ஒரு குடியிருப்புச் சபையின் கையணைப்பில் வளரவேண்டிய குழந்தைகள் அல்ல. அவை நம்மினும் மூத்தவை. நம் பாட்டனாரை நாம் வளர்த்தோம் என்று எவரும் சொல்லத் துணியார்; அவரைப் பேணினோம் என்றோ, அவரால் வளர்ந்தோம் என்றோதான் சொல்வர்.

இச்சொல் எங்கிருந்து வந்தது என்று தேடினால், எம்போன்ற எழுத்தருக்கே உரிய விடையொன்று கிடைக்கிறது. இந்நாட்டின் கலைக் கழகங்கள் பலவும் 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதியப்பெற்றவை. எழுவர் கூடிக் கையொப்பமிட்டால் அச்சட்டப்படி ஒரு கழகம் பிறந்துவிடும். எவ்வெவற்றைப் பதியலாம் என்று கூறும் அதன் 20ஆம் பிரிவு, அறச்செயல் புரியும் கழகங்களோடு, அறிவியல், இலக்கியம், நுண்கலை ஆகியவற்றின் வளர்ச்சிக்கென அமையும் கழகங்களையும் சேர்த்துரைக்கிறது. பதிவு பெறவேண்டி அச்சட்டத்தின் வாய்பாட்டை நம் முன்னோர் நோக்கவுரையில் எழுதிக் கொடுத்தனர். காலப்போக்கில் அதனையே நம் நெஞ்சின் நோக்கம் என்றும் நம்பத் தலைப்பட்டோம். அரசு அலுவலகத்தில் பணிபுரிவோர்க்கு இது வியப்பளிக்காது. படிவத்தில் எழுதியது வாழ்க்கையாக மாறுவதை நாள்தோறும் காண்பவர்கள் அல்லரோ நாம்!

நம் பழைய நூல்கள் வேறு சொல்லை ஆண்டன. மன்னன் கலையை வளர்த்தான் என்று அவை கூறுவதில்லை. கலைஞரைப் புரந்தான் என்றே கூறும். புரத்தல் என்பது முதற்கண் பசியைப் பற்றிய சொல். முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படை 248 அடிகளைக் கொண்ட சிறிய பாட்டே. அதன்கண் கரிகாலன் பொருநனுக்கு முதலில் தருவது உணவும் உடையும். பின்னரே பரிசில். பொருநன் தேரேறி விடைபெறும்பொழுது வேந்தன் அவன் பின்னே ஏழடி நடந்து சென்று வழிவிடுகிறான். பொன்னையும் தேரையும் செல்வமுடையார் எவரும் கொடுத்தல் கூடும். அவ்வேழடி நடப்பதற்குச் செல்வம் வேண்டுவதில்லை; அதனாலேயே அது அரிதாயிற்று எனலாம். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே வியக்கத்தக்கது. பரிசில் பெற்ற கலைஞன், பெறாத கலைஞனை எதிர்கண்டு, இன்னவழிச் சென்று இன்னாரைக் காண்க என்று கூறுவது அது. கலைஞர்களைத் தேடித் தரும் பணியை அன்று கலைஞர்களே ஒருவர்க்கொருவர் செய்துகொண்டனர். இடையில் செயற்குழு இல்லை.

அக்காலத்தைப் பொற்காலமாகக் காட்டுதல் எம் கருத்தன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை நினைவு கூர்க. ஐந்தாம் அகவையில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்ற மாதவி, பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறுகிறாள். ஆடலாசான், இசையாசான், புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் ஆகிய ஒவ்வொருவரின் புலமையையும் இளங்கோவடிகள் தனித்தனியே எடுத்துரைக்கின்றார். ஏழுகோல் அகலமும் எண்கோல் நீளமும் ஒருகோல் உயரமுமாக அரங்கின் அளவைக் கூறுகின்றார். தூணின் நிழல் ஆடுவோர்மேல் விழாதவாறு விளக்கு வைத்ததையும் அவர் விடவில்லை. மன்னன் ஆயிரத்தெண் கழஞ்சு பொன்னைப் பரிசளிக்கின்றான். இத்தனையும் நிகழ்ந்தபின், அதே காதையில், அம்மாலையைக் கூனி ஒருத்தி நகர நம்பியர் உலவும் தெருவில் விலைகூறி நிற்கின்றாள். கோவலன் அதனை வாங்குகின்றான். கலை அரங்கேறிய காதை முடிவதற்குள் அது சந்தைக்கும் வந்துவிட்டது. கண்ணகியின் துயரம் அந்த மாலை வாணிகத்தில் தொடங்குகிறது. புரவலன் கொடுத்த பரிசிலே விலைப்பட்டியலாக மாறிய இவ்விடத்தை நம் விழா மேடைப் பேச்சாளர்கள் எடுத்துக்கூற யாம் கேட்டதில்லை. மேடையின் அளவையும் தலைக்கோலின் பெருமையையும் சொல்லி அமர்ந்துவிடுகின்றனர்.

அரண்மனையும் கோயிலும் கைவிட்ட பின்னர்ச் சபைகள் தோன்றிய வரலாற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை, பலரும் எழுதியுள்ளனர். 1927ஆம் ஆண்டு சென்னையில் கூடிய காங்கிரசு மாநாட்டையொட்டி நிகழ்ந்த இசை மாநாட்டின் பயனாக, அடுத்த ஆண்டே சங்கீத வித்துவத் சபை எழுந்தது. 1936இல் கலாட்சேத்திரம். 1943இல் தமிழிசைச் சங்கம். இவற்றால் விளைந்த நன்மை பெரிது. செல்வர் மனைகளிலும் திருமண வீடுகளிலும் அழைப்புள்ளோர் மட்டுமே கேட்ட இசையைச் சீட்டு வாங்கிய எவரும் கேட்கலாம் என்றாயிற்று. ஆயினும் அக்கலைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த இசை வேளாளர் குடும்பங்கள் அவ்வெற்றியின் நடுவே மெல்லப் பின்வரிசைக்குச் சென்றன. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இல்லாமல் ருக்மிணி தேவி இல்லை. எனினும் பெருவிழாக்களில் நட்டுவனார் பெயரைவிட நன்கொடையாளர் பெயரே பெரிய எழுத்தில் அச்சாயிற்று. இதனைக் குற்றச்சாட்டாகக் கூறவில்லை. சபை என்னும் அமைப்பின் இயல்பு இது: அது கேட்போரின் கழகம்; பாடுவோரின் கழகம் அன்று.

தில்லிக்கு வருவோம். தலைநகரம் கல்கத்தாவிலிருந்து மாறும் என்னும் அறிவிப்பு 1911இல் வந்ததன் பின்னர், செயலகத்தைத் தொடர்ந்து வந்த தென்னாட்டார் பெரும்பாலும் எழுத்தரும் கணக்கரும் தட்டெழுத்தரும் சுருக்கெழுத்தருமே. அவர்கள் முதலில் நினைத்தது பிள்ளைகளின் பள்ளியை. 1923இல் தொடங்கிய மதராசி கல்விச் சங்கமே இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாகப் பள்ளிகள் பலவற்றை நடத்துகிறது. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946இல் பிறந்தது. இசைச் சபைகளும் பசனைக் குழுக்களும் கரோல்பாக்கிலும் இராமகிருட்டிணபுரத்திலும் அரசுக் குடியிருப்புகள்தோறும் முளைத்தன. மாதச் சந்தாவை ஞாயிற்றுக்கிழமை காலை வீடு வீடாகச் சென்று தண்டியவர்களும் எழுத்தர்களே. மேலதிகாரியின் வீட்டுக்குப் போகும்பொழுது மட்டும் இருவராகச் சென்றனர் என்று மூத்தவர் ஒருவர் எமக்குச் சொன்னதுண்டு. வானொலியின் தேசிய இசை நிகழ்ச்சி 1952இல் தொடங்கியபொழுது, அதற்குப் பாட வந்த வித்துவான்களை மறுநாள் தம் குடியிருப்பிலும் பாடவைத்துவிட வேண்டும் என்று முயன்றவர்களும் இவர்கள்தாம். நோக்கவுரை எவ்வாறாயினும், அவர்கள் செய்தது தெளிவு: ஊரைவிட்டு வந்தோரின் ஏக்கத்தைத் தணித்தனர். அதில் இழுக்கொன்றும் இல்லை. ஏக்கம் தணிந்தபின் சபை எதற்கு என்பதே அடுத்த தலைமுறைக்கு எழுந்த வினா. அவ்வினாவை எவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. விழாக்கள் மட்டும் தொடர்ந்து நடந்தன.

இங்கு நாகசுரத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். வடபுலத்துத் தமிழ் விழாக்களில் நாகசுரம் இல்லாத விழா அரிது. அழைப்பிதழில் முதல் வரி அதற்கே: 'மாலை 5 மணி, மங்கல இசை.' தமிழ்நாடு விரைவு வண்டியில் இரண்டு இரவுகள் பயணம் செய்து நாகசுரக் குழு வந்து சேர்கிறது. ஐந்து மணிக்கு அரங்கில் நாற்காலி துடைப்போரும் ஒலிபெருக்கிக்காரரும் இருப்பர். ஐந்தேகாலுக்குக் கல்யாணி இராகத்தின் ஆலாபனை வாயிலருகே விரியும்; உள்ளே வருவோர் அதனைக் கடந்து சென்று காப்பி அருந்துவர். ஐந்தரைக்குச் சிறப்பு விருந்தினரின் வண்டி வந்ததும் செயலாளர் கையசைப்பார். கெட்டிமேளம் முழங்க அவரை மேடைவரை அழைத்துச் சென்ற உடனே, மீண்டும் கையசைவு, நாகசுரம் நின்றுவிடும். இராகம் எந்தச் சுரத்தில் நின்றது என்பதை எவரும் கவனிப்பதில்லை. இரண்டு மணிநேரம் அமர்ந்து கேட்கத்தக்க கருவியை நாம் வாயில்மணியாக ஆக்கிவிட்டோம்! ஒருமுறை, விழா முடிந்தபின், அக்குழுவின் தவிற்கலைஞர் எம்மிடம், "ஐயா, இங்க உக்காந்து கேக்கறவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார். குறையாகக் கேட்கவில்லை, வழி கேட்பவரைப் போலக் கேட்டார். அவருடைய பையை ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தோம். வாயிலிலிருந்து ஆட்டோவரை ஏழடிக்கு மேல் இருக்கும். ஆனால் அன்று யாம் நடந்தது வழியனுப்புவதற்கன்று, வாடகைப் பேச்சுக்கே என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

அடுத்து ஆடல். பரதம் பயிலும் சிறுமியர் தொகை தில்லியில் ஆண்டுதோறும் பெருகிவருவதாகவே எம் கண்ணுக்குத் தோன்றுகிறது. தமிழர் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமல்லர். வங்காளியரும் பஞ்சாபியரும் பயில்கின்றனர். யாமினி கிருட்டிணமூர்த்தி, சரோசா வைத்தியநாதன் போன்றோர் இந்நகரில் பல்லாண்டுகள் கற்பித்ததன் பயன் அது. முன்னவர் 2024இலும் பின்னவர் 2023இலும் மறைந்தனர். பயில்வோர் பெருக, காண்போர் மட்டும் அவ்வளவில் பெருகவில்லை. ஆடற்கு மேடை வேண்டும். மேடையோ சபைகளின் கையில். இந்நிலையில் மெல்ல ஒரு வழக்கம் நுழைந்தது. ஆடுவோரின் பெற்றோரிடமே 'விழாச் செலவில் பங்கு' என்னும் பெயரால் சபை பணம் பெறத் தொடங்கியது. எம் மகளுக்கும் ஓர் அழைப்பு வந்தது. அரைமணிநேர மேடைக்கு எம் ஒருமாத ஊதியத்தை நெருங்கும் தொகை. இதுகுறித்து வீட்டில் மூன்று நாட்கள் பேச்சு நடந்தது. "நீங்க கொள்கை பேசறதுக்கு அவ ஏழு வருஷம் கத்துண்டது வீணாப் போகணுமா?" என்று எம் மனைவியார் கேட்டார். யாம் பணத்தைச் செலுத்தினோம். வரவுச்சீட்டில் 'நன்கொடை' என்று எழுதியிருந்தது. பரிசில் பெறவேண்டிய கை பரிசில் கொடுக்கும் கையாயிற்று. கரிகாலனின் இடத்தில் பொருநனின் தந்தை நிற்கிறான். நாமெல்லாம் நடுத்தர ஊதியத்தார். செலுத்த இயலாதோரின் பிள்ளைகள் ஆடாமலே நின்றுவிடுகின்றனர் என்பதை அரங்கில் அமர்ந்திருப்போர் காணும் வாய்ப்பே இல்லை. வராதவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இனி, இதே நகரில் தோன்றிய வேறொரு முயற்சியை இதனோடு ஒப்பிட்டு நோக்குவோம். தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியராய் இருந்த கிரண் சேத் 1977இல் தொடங்கிய 'ஸ்பிக் மெக்கே' என்னும் இயக்கம் அது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபொழுது டாகர் குடும்பத்தாரின் துருபத இசையைக் கேட்டது அவர் உள்ளத்தை மாற்றியது என்பர். சொந்த நாட்டு இசையைக் கேட்க அவருக்குக் கடல் கடக்க வேண்டியிருந்தது! அவ்வியக்கத்தின் பெயரிலும் 'வளர்ச்சி' என்னும் சொல் உண்டு. அதுவும் பதிவு பெற்ற கழகமே. ஆனால் அது வளர்க்க முயன்றது கலையை அன்று, கேட்போரை. நிகழ்ச்சிக்குச் சீட்டு இல்லை. அரங்கு தேடி மாணவர் வருவதில்லை. மாணவரைத் தேடிக் கலைஞர் வகுப்பறைக்கும் கல்லூரிக்கும் செல்கின்றனர். ஏற்பாடு செய்வோரும் ஊதியமின்றித் தொண்டு புரியும் மாணவரே. பெருங்கலைஞர்களும் தாம் வழக்கமாகப் பெறுவதினும் மிகக் குறைந்த தொகைக்கு வந்து பாடுகின்றனர். பாடுமுன் விளக்கமும் சொல்கின்றனர். எழுபது வயதைக் கடந்த பின்னர், 2022இல், கிரண் சேத் காசுமீரத்திலிருந்து கன்னியாகுமரி நோக்கி மிதிவண்டியில் புறப்பட்டதைச் செய்தித்தாள்களில் பலரும் படித்திருப்பர்.

யாம் மாலைநேரக் கல்லூரியில் இளங்கலை பயின்றபொழுது, அவ்வியக்கத்தின் வாயிலாகவே முதன்முதலில் துருபதம் கேட்டோம். பகலில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை, மாலையில் வகுப்பு. அன்று பேராசிரியர் வரவில்லை என்பதால்தான் அக்கூடத்துக்குள் நுழைந்தோம். ஜமுக்காளத்தில் அமர்ந்தோர் நாற்பதின்மர் இருக்கலாம். பாடவந்த முதியவர் ஒரே சுரத்தை நெடுநேரம் பிடித்து நின்றார். பின்வரிசையில் சிலர் சிரித்தனர். அவர் கண்விறித்து நோக்கவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு, சிரிப்பு வருவது இயல்பே, தம் பேரனும் இப்படித்தான் சிரிக்கிறான் என்று இந்தியில் கூறி, அச்சுரத்தை எங்களையும் பிடிக்கச் சொன்னார். நாற்பது பேரின் குரலும் தடுமாறி, ஓரளவில் ஒன்றாகி நின்றது. அந்நிலை எத்தனை நொடி நீடித்தது என்று சொல்ல இயலவில்லை. வீட்டில் நாள்தோறும் அன்னையார் முணுமுணுத்த தோடியின் காந்தாரம் எத்தகையது என்பது அவ்வடபுலத்துப் பாடகரால்தான் எமக்கு விளங்கிற்று. தமிழ்ச் சபைகளின் கச்சேரிகளுக்குச் சிறுவயது முதல் அழைத்துச் செல்லப்பட்டிருந்தும், எவரும் எம்மைப் பாடச் சொன்னதில்லை. பேசாமல் இரு என்றே சொன்னார்கள்.

இவ்வாறு கூறுவதால் அவ்வியக்கத்தில் குறையே இல்லை என்று கொள்ளற்க. ஒரு மணிநேர விளக்கக் கச்சேரி என்பது சுவைக்கு ஒரு துளி. அதனை அருந்தியோரில் தொடர்ந்து கேட்பவராக மாறுவோர் எத்துணையர் என்பது ஐயத்திற்குரியதே. செவ்வியற் கலை என்னும் சொல்லுக்குள் எது அடங்கும், எது அடங்காது என்னும் வரையறையும் நீண்டகாலம் இறுக்கமாகவே இருந்தது. நாட்டார் கலைகள் பின்னரே இடம்பெற்றன. கலைஞரைத் தெய்வத்துக்கு அடுத்தபடியாக வைத்து வணங்கும் போக்கு ஒன்றும் அங்கே உண்டு. வணக்கம் மிகுந்தவிடத்து வினா குறையும். மாணவர் கலைஞரின் காலைத் தொடுகின்றனர். 'ஐயா, இந்த இராகத்தை ஏன் இவ்வளவு மெதுவாகத் தொடங்குகிறீர்கள்?' என்று கேட்கத் தயங்குகின்றனர். இவையனைத்தும் உண்மையே. எனினும், நம் சபைகள் கற்கவேண்டியது அதன் நிறைவிலிருந்து அன்று, அதன் தொடக்க எண்ணத்திலிருந்து. வந்தவர்க்கு விருந்து வைப்பது ஒருவகை. வாராதவர் வீட்டுக்குச் சோறு கொண்டுசெல்வது மற்றொருவகை.

கடல் கடந்த நாட்டிலும் இதே வினா எழுந்திருக்கிறது. இங்கிலாந்தில் இந்தியரும் பாக்கித்தானியரும் இலங்கையரும் வங்கதேசத்தாரும் குடியேறியபின், அவர்தம் கலைகளை அந்நாட்டார் கண்டுகொள்ளவில்லை என்பதை நசீம் கானின் அறிக்கை 1976இல் எடுத்துக்காட்டிற்று; 'பிரிட்டன் புறக்கணிக்கும் கலைகள்' என்பதே அதன் தலைப்பின் பொருள். இலண்டனில் பாரதிய வித்யா பவன் 1972 முதலே கற்பித்து வந்தது. 1979இல் தாரா இராசகுமார் அங்கே ஓர் இந்திய ஆடற்கழகத்தைத் தொடங்கினார். அதுவே இன்று 'அகாதமி' எனப்படுவது. லிவர்ப்பூலில் 'மிலாப்பெஸ்ட்' 1985இலும், பர்மிங்காமில் 'சம்பத்' 1990இலும் தோன்றின. இவை அறக்கட்டளைகள்; பொதுமக்கள் பணம் பெறுவன. பொதுப்பணம் பெற்றால் பொதுமக்களுக்கு விடை சொல்லவேண்டும். ஆகவே அவை கோயில் மண்டபத்தோடு நில்லாமல் பள்ளிகளுக்குச் சென்றன. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் தாளம் போடக் கற்பித்தன. 1999இல் அந்நாட்டின் பழைய நடன ஆசிரியர் கழகம் ஒன்று பரதத்தையும் கதக்கையும் தன் தேர்வுத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. 'தெற்காசிய நடனம்' என்னும் பொதுப்பெயரில் அனைத்தையும் அடக்கியது எமக்கு முழு உடன்பாடன்று. அரசு அலுவலகத்தில் ஒரே கோப்பில் நான்கு துறைகளின் தாள்களைக் கட்டிவைத்ததை ஒக்கும் அது. பெயரைச் சுருக்கினால் நிதி விண்ணப்பம் எளிதாகும். தஞ்சையும் இலக்னோவும் ஒன்றாகிவிடுவதில்லை. ஆயினும் அப்பொதுப்பெயரின் நிழலில் இலாகூர்க்காரரின் கயால் பாட்டை யாழ்ப்பாணத்தார் கேட்கும் வாய்ப்பு உண்டாயிற்று. ஒரே மதிலுக்கு இருபுறமும் குடியிருக்கும் நம் தில்லித் தமிழ்ச் சபையும் வங்காளியர் சங்கமும் ஒருவர் விழாவுக்கு மற்றவர் செல்வதில்லை என்பதை நினைத்தால், அப்பெயரைப் பெரிதாகப் பழிக்கவும் நா எழவில்லை.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். தமிழ்ப் பாட்டுக்குக் கச்சேரியில் உரிய இடம் வேண்டும் என்று 1940களில் நடந்த போராட்டத்தின் பயனை நாம் துய்க்கின்றோம், மகிழ்ச்சியே. ஆனால் இன்று வடபுலத்தில் அப்பாட்டைப் பாடும் நம் பிள்ளைகளுள் பலர்க்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. எம் மகளின் பாட்டு ஏட்டை ஒருநாள் புரட்டினோம். பதங்கள் முழுவதும் தேவநாகரியில் எழுதப்பட்டிருந்தன. இந்தி எழுத்தில் ழகரத்துக்கு அவள் அறிந்த குறி இல்லை. ஆதலின் 'வழி' என்னுமிடமெல்லாம் 'வலி' என்று எழுதியிருந்தாள். தலைவன் வரும் வழியை நோக்கி நிற்கும் தலைவி, அவள் ஏட்டில் வலியை நோக்கி நின்றாள். பொருள் அவ்வளவாகக் கெடவில்லை என்று நகைத்தோம். பின்னர் நகைப்பு வரவில்லை. ஆடலாசிரியரைக் குறைகூற இயலாது. அவர் முத்திரை கற்பிப்பவர். எழுத்துக் கற்பிக்கவேண்டியவர்கள் வீட்டிலும் சங்கத்திலும் இருந்தோம். பதினைந்து இலக்கம் செலவில் பொன்விழா எடுத்த கழகங்களை அறிவோம். ஞாயிறு காலை ஒரு மணிநேரம் பாட்டின் பொருளைச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியரை அமர்த்திய கழகம் எத்தனை?

இப்பொழுது இவ்வினாக்களைத் தள்ளிப்போடவும் வழியில்லை. மத்திய அமைச்சரவை 2016இல் தில்லியின் ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட ஒப்புதல் அளித்தது. சரோசினி நகர், நேதாசி நகர், நவ்ரோசி நகர் ஆகியவை அவற்றுள் அடங்கும். மஞ்சள் நிறச் சுவரும் வேப்பமரமும் கொண்ட அந்த இரண்டடுக்கு வீடுகளிலிருந்துதான் எம் சபையின் கேட்போர் நடந்து வந்தனர். முதியவர்கள் மாலை நடைக்குப் புறப்படுவதுபோல் புறப்பட்டுக் கச்சேரிக்கு வந்து அமர்வர்; துக்கடா தொடங்கியதும் இரவுணவு நினைவு வர எழுந்து செல்வர். அவர்களுள் பலர் இன்று நொய்டாவிலும் துவாரகையிலும் சிதறிவிட்டனர். சிலர் சென்னைக்குத் திரும்பினர். சென்ற ஆண்டு மார்கழியில் எம் சபை ஒரு பள்ளிக்கூடத்தில் நடத்திய பரத நிகழ்ச்சிக்கு நானூறு நாற்காலிகள் போடப்பட்டன. எழுத்தரின் பழக்கத்தால் எண்ணிப் பார்த்தோம்: ஆடுவோரின் உறவினரை நீக்கினால் முப்பத்தொருவர்.

அம்முப்பத்தொருவருள் ஒருவர் எம் பிரிவில் பணிபுரியும் கட்வால்காரர். தமிழ் ஒரு சொல்லும் அறியாதவர். எம் வற்புறுத்தலால் வந்தவர், ஒரு மணிநேரம் அசையாமல் இருந்தார். பதம் ஒன்று நடந்துகொண்டிருந்தபொழுது எம் பக்கம் சாய்ந்து, "அந்தப் பெண் தோழியிடம் என்ன சொல்லி அனுப்புகிறாள்?" என்று இந்தியில் கேட்டார். அவள் தோழியிடம் பேசுகிறாள் என்பதை எவரும் அவருக்குச் சொல்லவில்லை. கையும் கண்ணும் சொல்லியிருக்கின்றன. யாம் தாழ்ந்த குரலில் பொருள் சொல்லத் தொடங்கினோம். முன்வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்து முகம் சுளித்தார். பேச்சை நிறுத்திவிட்டோம். கட்வால்காரர் அதன்பின் எதுவும் கேட்கவில்லை, திரும்பும்பொழுது பேருந்து நிறுத்தத்தில்தான், "அவன் வந்தானா, இல்லையா?" என்று மீண்டும் தொடங்கினார்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் ஒரு முன்மொழிவை எழுதிக் கொடுத்தோம். ஒவ்வோர் உருப்படிக்கும் முன்னர் இரண்டு மணித்துளிகள் இந்தியில் பொருள் கூறுதல். ஆண்டுக்கு ஒருமுறையேனும் நாகசுரத்துக்கென முழுக்கச்சேரி. பெற்றோரிடம் பங்குத்தொகை பெறுவதை நிறுத்துதல். முதலாவதற்கு, தமிழ்ச் சபையில் இந்தியா என்று ஒருவர் கேட்டார். இரண்டாவதற்கு, கேட்க ஆள் வராது என்று மற்றொருவர் சொன்னார். மூன்றாவதைப் பற்றிப் பொருளாளர் ஒன்றும் சொல்லாமல் கணக்கேட்டை எம் முன் நகர்த்தி வைத்தார். அதன் வரவுப் பக்கத்தில் எம் பெயரும் இருந்தது. நேரம் ஆகிவிட்டபடியால் மூன்றும் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டன. நடவடிக்கைக் குறிப்பேட்டில் அவை ஏழாம் பொருளாகப் பதிவாகியுள்ளன. குறிப்பை எழுதியவர்களும் யாமே.